உப்புக்காற்று – 9: ராவெல்லோ ஏன் மேலே இருக்கிறது?

பஸ்ஸின் பக்கவாட்டில் இருந்த நாலெழுத்தை நான் 'சீதா' என்றே படித்தேன். அது போக்குவரத்துக் கம்பெனியின் பெயர்ச் சுருக்கம் என்பது டிக்கெட்டைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. புரிந்து என்ன, அன்று மாலைவரை எனக்கு அது சீதாதான். அமால்ஃபி கடற்கரையிலிருந்து புறப்பட்ட சீதா, அடுத்த ஊரான அத்ரானியைத் தாண்டியதும் கடலை விட்டுத் திரும்பி, த்ராகோனே பள்ளத்தாக்கின் சரிவில் ஏறத் தொடங்கியது. வளைவுக்கு வளைவு ஹாரன். எதிரே ஒரு லாரி வந்தபோது டிரைவர் பேச்சை நிறுத்தாமலே வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எனக்குக் கீழே சாலையே தெரியவில்லை. எலுமிச்சைப் பந்தல்கள்மேல் விரித்த கறுப்பு வலைதான் தெரிந்தது. அரை மணி நேரத்தில் கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் ஏறியிருந்தோம். இருபுறமும் பள்ளத்தாக்கு, நடுவே ஒரு மலைமுதுகு, அதன்மேல் ஊர். மொத்த மக்கள்தொகை இரண்டாயிரத்து ஐந்நூறு சொச்சம்.

இந்தத் தொடரில் இதுவரை பார்த்தவை எல்லாம் கடலை ஒட்டிய ஊர்கள். சென்ற அத்தியாயத்தில் பார்த்த அமால்ஃபியும் அப்படித்தான். கான்ஸ்டான்டிநோபிளில் தனக்கென்று ஒரு வணிகக் குடியிருப்பு வைத்திருந்த ஊர். ஜெருசலேமில் அதன் வணிகர்கள் தொடங்கிய யாத்ரிகர் விடுதிதான் பின்னாளில் மருத்துவ வீரர்களின் சபையாக வளர்ந்தது. கெய்ரோவில் 996-இல் ஃபாத்திமியக் கடற்படைக் கப்பல்கள் தீப்பிடித்து எரிந்தபோது பழி அமால்ஃபிக்காரர்கள்மேல் விழுந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் ஒரே கலவரத்தில் கொல்லப்பட்டார்கள். ஓர் அயல் நகரத்தில் அத்தனை பேர் சாகும் அளவுக்கு இருந்தார்கள் என்பதே அவர்கள் வணிகத்தின் அளவைச் சொல்லிவிடும். மலபார் மிளகு செங்கடல் ஏறி எகிப்துக்கு வந்து, அங்கிருந்து ஐரோப்பாவுக்குக் கைமாறிய பாதையில் அவர்கள் காத்திருந்தார்கள்.

அந்த அமால்ஃபிக்கு நேர் மேலே இருக்கும் ராவெல்லோவும் வணிகர்களின் ஊர்தான். கடலை நம்பிப் பிழைத்தவன் ஏன் மலையில் போய் வீடு கட்டினான்? கப்பல் வந்தது என்று கேள்விப்பட்டால் அவன் ஆயிரத்துச் சொச்சம் படி இறங்க வேண்டும். சரக்கை விற்றுவிட்டு அத்தனை படியும் ஏற வேண்டும். இந்தக் கேள்வியோடுதான் நான் பஸ்ஸிலிருந்து இறங்கினேன்.

வழிகாட்டிப் புத்தகங்கள் தரும் முதல் பதில், பயம். ரோமப் பேரரசு சரிந்துகொண்டிருந்த ஐந்தாம் நூற்றாண்டில், படையெடுப்பாளர்களுக்கு அஞ்சி உயர்குடியினர் சிலர் இங்கே ஏறி ஒளிந்தார்கள் என்பது ஊர்க்கதை. கடற்கொள்ளையர் பயமும் இந்தக் கரை முழுக்க உண்மை. இரண்டாவது பதில், இடம். அமால்ஃபி ஒரு மலையிடுக்கில் திணித்து வைத்த ஊர். அங்கே பணக்காரன் விசாலமாக ஒரு முற்றம் கட்ட முடியாது. இரண்டும் சரிதான். ஆனால் ராவெல்லோவை ராவெல்லோ ஆக்கியது இவை இரண்டும் இல்லை. அது அரசியல்.

பெயரிலேயே அதன் சாயல் இருப்பதாக உள்ளூரில் சொல்வார்கள். கலகக்காரன் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயராம். அமால்ஃபிக்கு அடங்க மறுத்ததால் கிடைத்ததாம். சொல்லாராய்ச்சியாளர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம். ஊர்ப்பெயர்க் கதைகள் பெரும்பாலும் பெயரைவிட ஊரைப் பற்றித்தான் சொல்கின்றன.

1073-இல் நார்மானியத் தலைவன் ராபர்ட் குயிஸ்கார்ட் அமால்ஃபியைக் கைப்பற்றினான். வடக்கிலிருந்து கூலிப்படையாக வந்து தென்னித்தாலியை விழுங்கிக்கொண்டிருந்த கூட்டம் அது. அமால்ஃபி பணிந்தது, ஆனால் அடங்கவில்லை. சமயம் பார்த்துக்கொண்டே இருந்தது. ராபர்ட்டுக்குப் பின் வந்த மகன் ரோஜர் போர்ஸாவுக்கு, கீழே இருந்த ஊரை அடக்க மேலே ஓர் ஊர் தேவைப்பட்டது. கோட்டை கட்டுவதைவிட மலிவான வழி ஒன்றைக் கண்டான்: ஓர் ஆயர்பீடம். அவன் கேட்டுக்கொண்டபடி 1086-இல் போப் மூன்றாம் விக்டர் ராவெல்லோவுக்குத் தனி ஆயரைத் தந்தார். அந்த ஆயர் அமால்ஃபியின் பேராயருக்குக் கீழ்ப்பட்டவர் அல்லர். நேராக ரோமாபுரிக்கே பதில் சொல்ல வேண்டியவர். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், பக்கத்து ஊர்க் கோயிலின் முதல் மரியாதையைப் பறிக்கவில்லை. இந்த ஊருக்கே தனிக் கோயிலும் தனி மரியாதையும் கொடுத்துவிட்டார்கள். பிறகு இரண்டு ஊருக்கும் பேச்சுவார்த்தை எப்படி இருக்கும்?

இந்த போப்பைப் பற்றி ஒரு சிறு விஷயம். போப் ஆகும் முன் அவர் மோந்தெ கஸ்ஸீனோ மடத்தின் தலைவர், பெயர் தெசிதேரியுஸ். ஒருமுறை அமால்ஃபிக்குப் போனவர், அங்கிருந்த பேராலயத்தில், கான்ஸ்டான்டிநோபிளில் செய்து கொண்டுவரப்பட்ட வெண்கலக் கதவுகளைப் பார்த்து மனம் பறிகொடுத்து, தம் மடத்துக்கும் அதேபோல் வேண்டும் என்று அங்கேயே சொல்லி அனுப்பினார். அமால்ஃபியின் செல்வத்தைக் கண்ணால் கண்டு வியந்தவர்தான் அதன் தலைக்குமேல் போட்டி ஆயரை உட்கார வைத்தார்.

ராவெல்லோவும் கதவுக் கதையை மறக்கவில்லை. தொண்ணூற்று மூன்று ஆண்டு கழித்து, 1179-இல், செர்ஜியோ மூஷெத்தொலா என்ற ஊர்ப் பெருந்தனக்காரர் பேராலயத்துக்கு வெண்கலக் கதவுகள் செய்து கொடுத்தார். இவை கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து வந்தவை அல்ல. மறுகரையான அத்ரியாத்திக் கடலோரத்துத் த்ரானி ஊரைச் சேர்ந்த பரிசானோ என்ற வார்ப்புக் கலைஞரின் வேலை. 54 சதுரத் தகடுகள். ஒவ்வொன்றிலும் புடைப்பாக ஓர் உருவம், அப்போஸ்தலர், வில்லாளி, குதிரைமேல் புனிதர் என்று. எல்லாவற்றையும் மரக்கதவின்மேல் ஆணியடித்துச் சேர்த்திருக்கிறார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் சில உருவங்கள் திரும்பத் திரும்ப வருவது தெரியும். பரிசானோ தம் சொந்த ஊருக்கும் சிசிலியின் மொன்ரேயாலே பேராலயத்துக்கும் கதவு செய்தவர். வைத்திருந்த அச்சுகளையே மூன்று இடத்திலும் பயன்படுத்திக்கொண்டார். கலை விமர்சகர்கள் இதைக் குறையாக எழுதுவதுண்டு. எனக்கு அவர்மேல் மரியாதைதான் கூடியது. நல்ல அச்சை ஒரே ஒரு வார்ப்போடு யார் தூக்கிப் போடுவார்கள்?

இடையில் ராவெல்லோ தன் உயரத்துக்கு விலையும் கொடுத்தது. அமால்ஃபியின் போட்டியாளரான பீசா 1135-இல் படகேறி வந்து கீழூர்களைச் சூறையாடிவிட்டு மேலேயும் ஏறியது. அந்த முறை நார்மானிய மன்னன் இரண்டாம் ரோஜரின் படை வந்து விரட்டியது. 1137-இல் மறுபடி வந்தார்கள். இந்த முறை விரட்ட யாரும் இல்லை. அமால்ஃபி பணம் கட்டிப் பணிந்தது. ராவெல்லோ கொள்ளை போனது. பீசாவின் கதை அடுத்த அத்தியாயத்துக்கு என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

*

பேராலயத்துக்குள் இரண்டு பிரசங்க மேடைகள் எதிரெதிரே நிற்கின்றன. இடப்பக்கம் இருப்பது பழையது, சின்னது, சுமார் 1130. அதில் பச்சையும் நீலமுமாகச் சில்லுக்கல் ஓவியம்: ஒரு பக்கம் தீர்க்கதரிசி யோனாவை மீன் விழுங்குகிறது, மறுபக்கம் கக்குகிறது. மீன் என்று சொல்கிறேனே தவிர, அதற்கு இறக்கையும் சுருண்ட வாலும் இருக்கிறது. விழுங்கும்போது யோனாவின் கால்தான் வெளியே தெரிகிறது. கக்கும்போது இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வெளியே வருகிறார். கப்பலை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வணிகன் ஞாயிற்றுக்கிழமை தோறும் எதிரே உட்கார்ந்து பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது.

எதிரில் இருப்பது 1272-ஆம் ஆண்டு மேடை. ஆறு முறுக்குத் தூண்கள், ஒவ்வொன்றையும் முதுகில் தாங்கி ஒரு சிங்கம். சிங்கங்கள் உட்கார்ந்திருக்கவில்லை, நடக்கின்றன. அவ்வளவு கனத்தையும் தூக்கிக்கொண்டு எங்கோ கிளம்பிவிட்டவை போல. சிற்பி ஃபோஜ்ஜாவைச் சேர்ந்த நிக்கோலா தி பர்த்தொலோமேயோ. செய்வித்தவர் நிக்கோலா ருஃபோலோ. கல்வெட்டில் அவர் பெயர், மனைவி சிகில்கைத்தா பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் இருக்கின்றன. இந்த மேடையில் இருந்த ஒரு பெண்ணின் மார்பளவுச் சிலை இப்போது கீழறை அருங்காட்சியகத்தில். முடிசூடி, காதில் தொங்கட்டான் அணிந்து, சற்றே சலிப்போடு நேராகப் பார்க்கும் முகம். அது சிகில்கைத்தாவா, திருச்சபையின் உருவகமா, ஊரின் உருவகமா என்று அறிஞர்கள் வாதாடி முடியவில்லை. ஊர்க்காரர்களுக்கு வாதமே இல்லை. அவர்களுக்கு அது சிகில்கைத்தா அம்மாள்.

ருஃபோலோக்கள் யார்? வணிகத்தில் சேர்த்ததை வட்டிக்கு விட்டு, வட்டியில் சேர்த்ததை அரசாங்கத்துக்கே கடன் கொடுத்த குடும்பம். நேப்பிள்ஸை ஆண்ட அஞ்ஜூ வம்சத்து முதலாம் சார்லஸுக்கு அவர்கள் கடன் கொடுத்தார்கள். பதிலுக்கு வரிவசூலும் துறைமுகச் சுங்கமும் அரசுப் பதவிகளும் வந்தன. அரசனுக்குக் கடன் கொடுத்தவன் கதி எந்த நாட்டிலும் ஒன்றுதான். 1282-இல் சிசிலி மக்கள் சார்லஸின் பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். தீவு கைவிட்டுப் போனது. வரிச்சுமைதான் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும். வரி போட்டவனை யாரும் கேட்க முடியாது, வசூலித்தவனைக் கேட்கலாம். 1283-இல் சார்லஸின் மகன், ஊழல் குற்றம் சாட்டி ருஃபோலோக்களையும் அவர்களுக்குச் சம்பந்தி உறவான தெல்லா மர்ரா குடும்பத்தினரையும் சிறையில் அடைத்தான். நிக்கோலாவின் மகன் மத்தேயோ பெருந்தொகை கட்டி மீண்டார். பேரன் லொரென்சோ மீளவில்லை, மரணதண்டனை. சிங்கங்கள் மேடையைத் தூக்க ஆரம்பித்துப் பதினொரு வருடம்தான் ஆகியிருந்தது.

இதற்கு எழுபது ஆண்டு கழித்து இந்தக் குடும்பத்தின் பெயர் வேறொரு வழியில் பிழைத்துக்கொண்டது. பொக்காச்சியோ தம் இளமையை நேப்பிள்ஸில் கழித்தவர். தகப்பனார் ஒரு ஃப்ளாரன்ஸ் வங்கியின் ஆள். வணிகர்கள் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. பின்னாளில் அவர் எழுதிய 'டெக்கமெரான்' இரண்டாம் நாள் நான்காம் கதையின் நாயகன் ராவெல்லோக்காரன் லந்தோல்ஃபோ ருஃபோலோ. கதையை என் வழியில் சொல்கிறேன்.

லந்தோல்ஃபோவிடம் பணம் இருந்தது, போதவில்லை. இரட்டிப்பாக்க வேண்டும் என்று பெரிய கப்பல் வாங்கி, இருந்ததை எல்லாம் போட்டுச் சரக்கேற்றி சைப்ரஸ் போனான். போய்ப் பார்த்தால் அதே சரக்கோடு அவனுக்கு முன்னே பல கப்பல்கள். வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதாயிற்று. கைமுதல் போனது. செத்துப்போவதா, திருடுவதா என்று யோசித்தவன், கப்பலை விற்றுச் சின்னதாக வேகமான ஒன்றை வாங்கிக் கடற்கொள்ளையில் இறங்கினான். வணிகத்தில் கைகொடுக்காத அதிர்ஷ்டம் கொள்ளையில் கொடுத்தது. ஒரு வருடத்தில் இழந்ததைப்போல் இரண்டு மடங்கு. போதும் என்று வீடு திரும்பும் வழியில் காற்றுக்கு ஒரு தீவில் ஒதுங்க, அங்கே வந்த ஜெனோவாக்காரர்கள் இவனைப் பிடித்து, சரக்கை எடுத்துக்கொண்டு, இவனை அடியறையில் போட்டார்கள். கொள்ளைக்காரனையே கொள்ளை. அந்த ஜெனோவாக் கப்பலும் கெஃபலோனியா அருகே பாறையில் மோதி உடைந்தது. அலையில் மிதந்து வந்த ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் கிடந்தான். கார்ஃபூ கரையில் ஓர் ஏழைப் பெண் மணலும் கடல்தண்ணீரும் போட்டுச் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். மிதந்து வருவது மனிதனா பிசாசா என்று முதலில் அலறினாள்; பிறகு தலைமுடியைப் பிடித்து இழுத்து, பெட்டியோடு கரையேற்றினாள். வீட்டுக்குக் கொண்டுபோய் வெந்நீரில் குளிப்பாட்டித் தேற்றினாள். அவள் இல்லாத நேரம் பெட்டியைத் திறந்தால் உள்ளே இரத்தினக் கற்கள். இரண்டு முறை எல்லாவற்றையும் இழந்தவன் இந்த முறை வாயைத் திறக்கவில்லை. கற்களைக் கந்தலில் முடிந்துகொண்டு, பெட்டியை அவளுக்கே கொடுத்துவிட்டு, ஒரு கோணிப்பையை மட்டும் கேட்டு வாங்கிப் புறப்பட்டான். ஊர் வந்து கல்லை விற்று, அந்தப் பெண்ணுக்கு நல்ல தொகை அனுப்பிவைத்தான். அதன்பின் வியாபாரம் என்ற பேச்சே எடுக்கவில்லை.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் சைப்ரஸ். புயலுக்கு முன்னால், கொள்ளைக்கு முன்னால், அவனைக் கவிழ்த்தது சந்தை நிலவரம். வணிகர் வீட்டுப் பிள்ளைதான் இதை எழுத முடியும். பொக்காச்சியோவின் ருஃபோலோ முதலை இழந்து கல்லோடு வீடு திரும்பினான். உண்மையான ருஃபோலோ ஒருவன் முதலோடு இருந்து தலையை இழந்தான். கதாசிரியருக்கு 1283 தெரிந்திருக்குமா? நேப்பிள்ஸில் வங்கி வட்டாரத்தில் வளர்ந்தவர் அதைக் கேள்விப்படாமல் இருந்திருப்பார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

*

கீழே அமால்ஃபியின் முடிவு வேறு விதமாக வந்தது. 1343 நவம்பர் 25 அன்று எழுந்த கடல் நேப்பிள்ஸைக் கலக்கியது. அமால்ஃபியின் கரையோரப் பகுதியையும் துறைமுகத்தையும் கொண்டுபோனது. புயல் என்று நெடுங்காலம் சொன்னார்கள். ஸ்த்ரோம்போலி எரிமலையின் சரிவு கடலில் இடிந்து விழுந்ததால் எழுந்த ஆழிப்பேரலை என்று அண்மை ஆய்வுகள் சொல்கின்றன. ராவெல்லோவின்மேல் ஒரு துளி உப்புத்தண்ணீர் பட்டிருக்காது. ஆனால் துறைமுகம் போனபின் மேலே இருந்து காத்திருக்க எதுவும் மிச்சமில்லை. குடும்பங்கள் நேப்பிள்ஸுக்கும் மற்ற ஊர்களுக்கும் கிளம்பின. ஊர் வாழ்ந்த காலத்தில் இங்கே 36,000 பேர் இருந்தார்கள் என்று பல புத்தகங்கள் எழுதுகின்றன. அந்த மலைமுதுகை நடந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அத்தனை பேர் அங்கே நிற்கலாம், படுக்க முடியாது. 1603-இல் ஆயர்பீடத்தைப் பக்கத்து ஸ்காலாவோடு சேர்த்தார்கள். 1818-இல் அதையும் ஒழித்து அமால்ஃபியோடு இணைத்துவிட்டார்கள். எந்த ஊரை அடக்க அந்தப் பீடம் பிறந்ததோ, அந்த ஊருக்குள்ளேயே போய் முடிந்தது. ஆயரின் அரண்மனை மட்டும் எபிஸ்கோப்பியோ என்ற பெயரோடு நின்றது. அந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

வறுமை வந்தால் ஊர்கள் பழையபடியே இருந்துவிடும். புதிதாகக் கட்ட யாரிடம் காசு? 1851-இல் ஃபிரான்சிஸ் நெவில் ரீட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ருஃபோலோ மாளிகையை வாங்கியபோது அது இடிபாடு. பின்னிப் பிணைந்த வளைவுகளோடு அரபுச் சாயலில் அமைந்த முற்றம், சதுரக் கோபுரம், அதைச் சுற்றிப் புதர். தாவரவியலில் ஈடுபாடு உள்ளவர். பின்னாளில் பொம்பேயி அகழ்வுக்குத் தலைமை ஏற்ற மிக்கேலே ருஜ்ஜியேரோவை அழைத்துச் சீர்செய்தார், தோட்டம் போட்டார். இன்று அஞ்சலட்டைகளில் வரும் காட்சி அந்தத் தோட்டத்து விளிம்பிலிருந்து எடுத்தது: குடைபோல் விரிந்த ஒரு பைன் மரம், கீழே அன்னுன்சியாத்தா கோயிலின் இரட்டைக் கும்மட்டம், அதற்கும் கீழே நீலம். நானும் எடுத்தேன். எல்லோரும் வரிசையில் நின்று எடுத்தார்கள்.

ருஃபோலோவும் இதே விளிம்பில் நின்றிருப்பார். அவர் பார்த்தது காட்சியை அல்ல, பாயை. எந்தக் கப்பல், யாருடையது, எவ்வளவு ஆழ்ந்து வருகிறது என்று. அவருடைய முற்றம் கடலைப் பார்க்கவில்லை. உள்ளே திரும்பித் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. மாடத்தையும் மலர்ப்பாத்தியையும் கடல் பக்கம் திருப்பியது வெளியிலிருந்து வந்தவர்கள்தான்.

1880 மே 26 அன்று அமால்ஃபியிலிருந்து கழுதைமேல் ஏறி ரிச்சர்ட் வாக்னர் வந்தார். கூட மனைவி கோசிமா, ஓவியர் ஜுக்கோவ்ஸ்கி. அப்போது அவர் 'பார்சிஃபால்' என்ற இசைநாடகத்தை எழுதிக்கொண்டிருந்தார். அதில் கிளிங்ஸோர் என்ற மந்திரவாதிக்கு ஒரு மாயத்தோட்டம் உண்டு. மேடையில் அதை எப்படிக் காட்டுவது என்று பிடிபடாமல் இருந்தது. ரீட்டின் தோட்டத்தைப் பார்த்தார், கிடைத்துவிட்டது என்று விருந்தினர் ஏட்டில் எழுதினார். ஜுக்கோவ்ஸ்கி வரைந்துகொண்டார். 1882-இல் பைராய்ட் அரங்கில் திரை விலகியபோது தெரிந்தது ராவெல்லோ. வந்தது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளை வைத்து 1953 முதல் இங்கே ஆண்டுதோறும் இசைவிழா நடக்கிறது. பாறை விளிம்பைத் தாண்டி வெளியில் நீளும் மேடை போடுகிறார்கள், வாத்தியக்காரர்களுக்குப் பின்னால் வெறும் கடல். வயலின்காரர்களுக்குத் தலை சுற்றாதா என்று எனக்குக் கவலை.

1904-இல் எர்னஸ்ட் பெக்கெட் என்ற ஆங்கில வங்கியாளர் ஊரின் மறுமுனையில் இருந்த சிம்ப்ரோனே தோட்டத்தை வாங்கினார். கட்டடக்கலை படிக்காத உள்ளூர்க்காரர் நிக்கோலா மான்சியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கோதிக், அரபு, வெனிஸ் பாணிகள் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து ஒரு மாளிகை கட்டினார். உண்மையைச் சொன்னால், அது கொஞ்சம் கலியாண மண்டபம் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் தோட்டத்தின் கடைசியில், மழையில் மூக்கு கரைந்த சலவைக்கல் தலைகள் வரிசையாக நிற்கும் அந்த நீள் மாடத்துக்கு வந்ததும் எல்லாம் மன்னிக்கப்படுகிறது. கைப்பிடிச் சுவருக்கு அப்பால் எதுவும் இல்லை. 1938-இல் நடிகை கிரேட்டா கார்போ, இசைக்குழு நடத்துநர் ஸ்தோக்கோவ்ஸ்கியோடு இங்கே ஒளிந்திருந்தார். ஒளிந்ததைச் சொல்ல இப்போது வாசலில் ஒரு பலகை இருக்கிறது.

ஐந்தாம் நூற்றாண்டு அகதிகளில் தொடங்கி கார்போ வரைக்கும் இந்த ஊருக்கு ஒளிந்துகொள்ளத்தான் வந்தார்கள் போலும். ஒருவர் மட்டும் ஒளியவும் முடியாமல், இறங்கவும் முடியாமல் இங்கே உட்கார்ந்திருந்தார்.

*

1943 செப்டம்பர் 8 அன்று இத்தாலி சரணடைந்தது. மறுநாள் விடியுமுன் மன்னர் மூன்றாம் விட்டோரியோ எமானுவேலே, பிரதமர் பதோலியோவோடு ரோமாபுரியை விட்டுக் கிளம்பி, தெற்கே பிரிந்திசி போய்ச் சேர்ந்தார். படைக்கு ஒழுங்கான ஆணை எதுவும் இல்லை. தலைநகரை ஜெர்மானியர்கள் எடுத்துக்கொண்டார்கள். மன்னர் கிளம்பிய அதே நாள்தான் நேச நாட்டுப் படைகள் சலெர்னோவில் இறங்கின. 1944 பிப்ரவரியில் அரசாங்கம் சலெர்னோவுக்கு மாறியது. மன்னர் தங்க ஓர் இடம் வேண்டும். கொடுத்த இடம் ராவெல்லோ, எபிஸ்கோப்பியோ மாளிகை. நார்மானியர் கேட்டு போப் கொடுத்த ஆயர்பீடத்தின் வெறும் வீடு.

அப்போது அவருக்கு எழுபத்து நாலு வயது. அரியணையில் நாற்பத்து நாலாவது வருடம். 1922-இல் முசோலினியைக் கூப்பிட்டுப் பிரதமராக்கியவர் அவர். இனப்பாகுபாட்டுச் சட்டங்களில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். அரசியல் கட்சிகள் அவரோடு ஒரே மேசையில் உட்கார மறுத்தன. மன்னரோ முடி துறக்க மறுத்தார். முடிச்சை அவிழ்க்க ஒரு வழக்கறிஞர் வந்தார்: என்ரிக்கோ தெ நிக்கோலா, பழைய நாடாளுமன்றத் தலைவர். ராவெல்லோவுக்கு ஏறிவந்து அவர் சொன்ன யோசனை சட்டக்காரருக்கே உரியது. முடி துறக்க வேண்டாம். பெயர் உங்களுடையதாகவே இருக்கட்டும். அதிகாரத்தை மட்டும் மகன் உம்பெர்த்தோவிடம் 'நாட்டுப் பொறுப்பாளர்' என்ற பதவியில் கொடுத்துவிடுங்கள். மன்னர் இழுத்தடித்தார். ஏப்ரல் 10 அன்று நேச நாட்டுப் பிரதிநிதிகளே மேலே வந்து நெருக்கினார்கள். ஏப்ரல் 12 அன்று அவர் வானொலியில் அறிவித்தார்: ரோமாபுரி மீட்கப்படும் நாளில் ஒதுங்கிக்கொள்கிறேன்.

அந்த நிபந்தனையில் ஒரு முதியவரின் கணக்கு இருந்தது. ரோமாபுரிக்குள் மன்னராகப் போய், தம் அரண்மனையில் உட்கார்ந்து, அங்கே கையெழுத்திட வேண்டும். ஜூன் 4 அன்று நகரம் விழுந்தது. அனுப்புங்கள் என்றார், அனுப்பவில்லை. ஜூன் 5 அன்று ராவெல்லோவிலேயே கையெழுத்துப் போட்டார். ஒரு வம்சத்தின் முடிவு மறுநாள் செய்தித்தாள்களில் நிலைக்கக்கூட நேரம் இல்லை. ஜூன் 6 அன்று நார்மண்டிக் கரையில் படைகள் இறங்கின. 1946 மே மாதம் அவர் முறைப்படி முடி துறந்து எகிப்துக்குக் கப்பலேறினார். அடுத்த மாதம் மக்கள் வாக்கெடுப்பில் முடியாட்சியே போனது. புதிய குடியரசின் முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் யார் தெரியுமா? அதே தெ நிக்கோலா. மன்னர் 1947 டிசம்பரில் அலெக்சாந்திரியாவில் இறந்தார். அமால்ஃபி வணிகர்கள் காலங்காலமாய்ப் போய்வந்த துறைமுகம் அது.

மன்னர் அந்த மாதங்களில் மாடத்திலிருந்து எதைப் பார்த்திருப்பார்? வடக்கே மலை மறைக்கிறது. ரோமாபுரிப் பக்கம் பார்வையே போகாது. தெற்கே சலெர்னோ வளைகுடா. அதில் நின்ற கப்பல் ஒவ்வொன்றும் அந்நியருடையது.

பிறகு அந்த மாளிகை 1962 கோடையில் ஜாக்குலின் கென்னடிக்கு விடுமுறை வீடானது. அதைச் சொல்லாமல் எந்த வழிகாட்டியும் உங்களை அந்தத் தெருவைத் தாண்ட விடமாட்டார். 1972-இல் அமெரிக்க எழுத்தாளர் கோர் விடால் பாறையில் ஒட்டியிருந்த ஒரு வீட்டை வாங்கி முப்பது வருடத்துக்கு மேல் வைத்திருந்தார். 2010-இல் பிரேசிலின் ஆஸ்கர் நீமேயர் வரைந்த வெள்ளை அரங்கம் திறக்கப்பட்டது. வரைந்தவருக்கு அப்போது 102 வயது. கட்டலாமா கூடாதா என்று வழக்காடியே பத்து வருடம் ஓடியது. வளைந்த அந்த வெள்ளைக் கூரை எனக்குப் பிடித்தது. பஸ் நிறுத்தத்தில் பேச்சுக் கொடுத்த பெரியவருக்குப் பிடிக்கவில்லை. கையை ஒருமுறை காற்றில் வீசியதோடு அவர் விமர்சனம் முடிந்தது.

திரும்பும்போது சீதாவில் ஏறவில்லை. படிகளில் இறங்கினேன், அத்ரானி பக்கம். டச்சு ஓவியர் எஷர் 1923-இல் ராவெல்லோவில் தங்கியிருந்தபோது தம் வருங்கால மனைவி ஜெட்டாவைச் சந்தித்தார். அத்ரானியின் வீடுகளை வரைந்தார், பின்னர் அந்த வீடுகளையே கனசதுரங்களாக உருமாற்றி வரைந்தார். முடிவில்லாத படிக்கட்டுகளை அவர் எங்கே கற்றார் என்று தேடுபவர்கள் இந்த வழியாக ஒருமுறை இறங்கிப் பார்க்கலாம். முழங்கால் சாட்சி சொல்லும்.

பாதி வழியில் மணிச்சத்தம். கீழிருந்து மூன்று கோவேறு கழுதைகள் வரிசையாக ஏறி வந்தன, பின்னால் ஓர் இளைஞர் கையில் போனோடு. முதுகில் இருபுறமும் சிமெண்ட் மூட்டை. மழையில் சரிந்த படிவயல் சுவர் ஒன்றை யாரோ எடுத்துக் கட்டுகிறார்கள். அந்த இடத்துக்கு வண்டி போகாது. நான் சுவரோரம் ஒட்டி நின்றேன். முதல் கழுதை என்னைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது என் பையை மோந்தது. இளைஞர் மன்னிப்புக் கேட்கும் தொனியில் ஏதோ சொல்லி, அதன் கழுத்தைத் தட்டி, மேலே ஓட்டிப் போனார்.

(தொடரும். அடுத்த இதழில்: பீசா)